திறப்பதும் ஒரு காயம்தான்: கால் தமனிக்குப் பலூன் சிகிச்சை

கறுப்பு வெள்ளைத் திரையில் தொடை எலும்பு மங்கலாகத் தெரிகிறது. அதையொட்டி, முடியிழை போன்ற ஒரு கம்பியின் மேல், விரல் நீளப் பலூன் ஒன்று மெல்ல நிறைகிறது. முதலில் இரு முனைகளும் பருக்கின்றன. நடுவில் மட்டும் நூல் கட்டி இறுக்கியதுபோல ஓர் இடுக்கம். உடுக்கையின் இடையைப் போலவே இருக்கிறது. மேசையருகே நிற்கும் மருத்துவர் அழுத்தமானியைப் பார்த்தபடி கைத்திருகைச் சுற்றுகிறார். நான்கு வளிமண்டல அழுத்தம், ஆறு, எட்டு. உடுக்கை அசைந்து கொடுக்கவில்லை. பத்தை நெருங்கும்போது, காரின் டயரில் இருப்பதைப் போல நான்கைந்து மடங்கு அழுத்தம் ஏறியிருக்கும் அந்த நேரத்தில், இடை சட்டென்று காணாமல் போகிறது. பலூன் நேரான உருளையாகிவிடுகிறது. படுத்திருப்பவர் தொடைக்குள் ஏதோ இழுத்துப் பிடிப்பதாக முனகுகிறார். பலூனைச் சுருக்கியதும் அந்த வலி அடங்கிவிடுகிறது.

அந்த நொடியில் தமனிக்குள் நடந்தது என்ன? கொழுப்பு நசுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தச் சிகிச்சையைத் தொடங்கிவைத்த தலைமுறை மருத்துவர்களும் ஏறத்தாழ அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் பல ஆண்டுகளாக இறுகி, சுண்ணாம்பு ஏறிக் கிடக்கும் படிவு பஞ்சைப் போல நசுங்குவதில்லை. பலூனின் அழுத்தத்தில் அது விரிசல் விடுகிறது. தமனியின் உள் அடுக்கு கிழிகிறது. தசையாலான நடு அடுக்கு இழுபட்டுத் தளர்கிறது. சுவர் முழுவதும் வெளிப்பக்கமாக அகன்று கொடுப்பதால்தான் ரத்தத்துக்கு வழி கிடைக்கிறது. கொழுப்பு எங்கும் போகவில்லை. உடைந்த நிலையில் அங்கேயே இருக்கிறது. சுருங்கச் சொன்னால், பலூன் சிகிச்சை என்பது தமனிக்கு அளவாகச் செய்யப்படும் ஒரு காயம். சிகிச்சைக்குப் பிறகு நடக்கும் நல்லதும் கெட்டதும் அந்தக் காயத்தை உடல் எப்படி ஆற்றிக்கொள்கிறது என்பதைப் பொறுத்தவை. யாருக்குச் செய்யலாம், யாருக்குப் பொறுத்துப் பார்க்கலாம் என்ற கேள்விக்கும் பாதி விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

தொடங்குவதற்கு முன் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பேச்சில் நாம் எல்லாக் குழாய்களையும் நரம்பு என்கிறோம். கால் நரம்பு சுருண்டிருக்கிறது, கால் நரம்பு அடைத்திருக்கிறது, கால் நரம்பு மரத்துப்போய்விட்டது என்று சொல்லும் மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். சுருள்வது இதயத்தை நோக்கி ரத்தத்தை எடுத்துச் செல்லும் சிரை. மரத்துப்போவது உணர்ச்சியைக் கடத்தும் உண்மையான நரம்பு. இங்கே பேசப்போவது அடைத்துக்கொள்வதைப் பற்றி: இதயத்திலிருந்து பாதம்வரை ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி. அது சுருங்கினால் வருவது ஒருவகைப் பட்டினி.

அந்தப் பட்டினியின் முதல் அடையாளம் நடையில் தெரியும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்காலை யாரோ கவ்விப் பிடிப்பதுபோல வலிக்கும். நின்றால் சில நிமிடங்களில் வலி போய்விடும். மறுபடி நடந்தால் ஏறத்தாழ அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். ஜெர்மன் மொழியில் இதைக் ‘கடைச் சாளர நோய்’ என்கிறார்கள். வலிக்காக நிற்பதை மறைக்க, கடைக் கண்ணாடியில் எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல நிற்பார்களாம். இதை முதலில் தெளிவாக விவரித்தவர் ஒரு கால்நடை மருத்துவர் என்பது வேடிக்கையான செய்தி: 1831இல் பிரான்சில் பூலே என்பவர், சற்று ஓடியதும் பின்னங்கால் நொண்டி, நின்றதும் சரியாகிவிடும் குதிரைகளில் இதைக் கண்டார். மனிதரிடம் இதே நோயைப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1858இல் எழுதிவைத்தார்.

முதுகுத்தண்டில் நரம்பு நெருக்குண்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. தமனி வலி சும்மா நின்றாலே போய்விடும். முதுகுத்தண்டு வலிக்குப் பெரும்பாலும் உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். மூட்டுத் தேய்மானத்தின் வலி முதல் அடியிலேயே தொடங்கிவிடும். வயதின் தொல்லை என்று சொல்லி வலிமாத்திரையோடு பல ஆண்டுகள் ஓட்டும் பலரின் கதையில், இந்த வேறுபாட்டை யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மையான பிழை.

அடைப்பு முற்றினால் நடக்காமலே வலிக்கும். இரவில் படுத்ததும் முன்பாதமும் விரல்களும் எரியும். கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் சற்று இதமாக இருக்கும். புவியீர்ப்பு இதயத்துக்குக் கைகொடுக்கிறது. நாற்காலியிலேயே காலைத் தொங்கவிட்டபடி தூங்கப் பழகிவிட்டவர்களின் பாதம் சிவந்து வீங்கியிருக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்து ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. காலைத் தூக்கிப் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் அது வெளுத்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காமல் போகலாம். உணர்வு நரம்புகள் ஏற்கெனவே பழுதாகியிருப்பதால் வலியே தெரியாது. ஆறாத புண்ணோ கருத்த விரலோதான் முதல் செய்தியாக வந்து சேரும்.

ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது? குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓடும் திரவம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். இது இயற்பியல் கணக்கு. ஆனால் உட்கார்ந்திருக்கும் கால் கேட்கும் ரத்தம் மிகக் குறைவு. விட்டத்தில் பாதி அடைபடும்வரை அது குறையை உணர்வதில்லை. நடக்கும்போது தசையின் தேவை பல மடங்கு ஏறுகிறது. அப்போதுதான் குழாயின் குறுகல் வெளிப்படுகிறது. இதற்கிடையே அடைப்பைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு கிளைகள் மெல்லப் பெருத்து மாற்றுப் பாதை அமைக்கின்றன. தொடைத் தமனி முழுவதும் மூடிக்கிடந்தும் அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. கால் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பதற வேண்டியதில்லை என்பதற்கு இந்தக் கிளைகள்தான் சாட்சி.

கண்டுபிடிப்பது கடினமன்று. ரத்த அழுத்தம் பார்க்கும் அதே பட்டையைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும், பேனா அளவிலான டாப்ளர் கருவியைப் பாதத் தமனியின் மேல் வைத்தால் போதும். நல்ல தமனி மூன்று அசைகளில் ஒலிக்கும்: முன்னே பாயும் வலிய ஒலி, சிறு பின்வாங்கல், மீண்டும் ஒரு மெல்லிய முன்னேற்றம். மேலே எங்கோ அடைப்பு இருந்தால் அந்தத் தாளம் அழிந்து, சோம்பலான ஒற்றை மூச்சுபோல ஒன்று மட்டும் கேட்கும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் 1.0 முதல் 1.4 வரை இருப்பது இயல்பு. 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் தமனி நோய். 0.4க்குக் கீழே இறங்கினால் கால் ஆபத்தில் இருக்கிறது. 1.4ஐத் தாண்டினால் மகிழ வேண்டியதில்லை. சுண்ணாம்பேறிய தமனி பட்டையின் அழுத்தத்துக்கு மசிய மறுக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளிடமும் சிறுநீரகம் பழுதானவர்களிடமும் இது அடிக்கடி நேரும். அப்போது கால் கட்டைவிரலின் அழுத்தத்தை அளக்க வேண்டும்.

பலூன் என்றதும் எல்லோருக்கும் இதயம்தான் நினைவுக்கு வருகிறது. வரலாற்றில் முந்தியது கால். 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில், கதிரியக்க மருத்துவர் சார்ல்ஸ் டாட்டரிடம் 82 வயதுப் பெண்மணி ஒருவர் வந்து சேர்ந்தார். பாதத்தில் ஆறாத புண், விரல்களில் அழுகல். காலை எடுத்துவிடலாம் என்றார்கள் அறுவை மருத்துவர்கள், அவர் மறுத்துவிட்டார். டாட்டர் தொடைத் தமனியின் குறுகலுக்குள் ஒரு கம்பியைச் செலுத்தினார். அதன் மேல் மெல்லிய டெஃப்லான் குழாயையும், அதன் மேல் சற்றே தடித்த இன்னொன்றையும் நுழைத்து, அந்த இடத்தை அகட்டினார். பாதத்தில் சூடு திரும்பியது, வலி விட்டது, காலம் செல்லப் புண்ணும் ஆறியது.

டாட்டர் மலையேறும் பழக்கமுள்ளவர். மருத்துவத்திலும் அதே துணிச்சல். அறுவை மருத்துவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இன்னொரு நோயாளியை அனுப்பும்போது ‘படம் எடுங்கள், சரிசெய்ய முயல வேண்டாம்’ என்று எழுதிய சீட்டு இன்றும் கதிரியக்க மருத்துவர்களின் பேச்சில் அடிபடுகிறது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் அவருடைய முறை தீண்டப்படாமலே கிடந்தது. ஐரோப்பாவில்தான் அது வேர் பிடித்தது.

அந்த முறையில் ஒரு குறை இருந்தது. அகட்டும் குழாய் எவ்வளவு தடிமனோ, நுழைவாயிலும் அவ்வளவு பெரிதாக வேண்டும். மெலிந்து உள்ளே போய், போன இடத்தில் பருக்கும் ஒன்று தேவைப்பட்டது. பலூன் என்ற எண்ணம் பலருக்கும் வந்ததுதான். ஆனால் ரப்பர் பலூன் இளகிய பக்கமாகவே வீங்கும். குறுகலை விட்டுவிட்டு நல்ல பகுதியைப் பெருக்கவைக்கும். ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகரில் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் வீட்டுச் சமையலறை மேசையில் நூலும் பசையும் வைத்துக்கொண்டு பல மாதங்கள் போராடியது இந்தச் சிக்கலோடுதான். கடைசியில் பிவிசி பிளாஸ்டிக்கால் ஆன, குறித்த விட்டத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பெருக்காத உருளைப் பலூனை உருவாக்கினார். 1974 பிப்ரவரியில் அதை ஒருவருடைய தொடைத் தமனியில் விரித்தார். இதயத் தமனியில் அவர் அதைச் செய்தது 1977 செப்டம்பர் 16 அன்று, மூன்றரை ஆண்டுகள் கழித்து. இன்றைய பலூன்களின் பொருள் மாறிவிட்டது. குறித்த அளவில் நின்றுவிட வேண்டும் என்ற விதி மாறவில்லை.

இன்று நடைமுறை எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். பெரும்பாலும் மயக்க மருந்து கிடையாது. தொடையிடுக்கில் மரத்துப்போக ஓர் ஊசி மட்டும். பல நேரங்களில் நோயுள்ள காலுக்கு எதிர்க்காலின் தொடையிடுக்கில்தான் ஊசி குத்துவார்கள். அங்கிருந்து மேலே ஏறி, வயிற்றில் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் வளைந்து, மறுபக்கம் இறங்குவார்கள். பார்ப்பவர்களுக்கு இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகத் தோன்றும். ஆனால் நோயுள்ள தமனியை நேரே குத்தாமல் இருப்பதும், மேலிருந்து ஒழுங்காகப் பார்த்து இறங்குவதும் பாதுகாப்பு. உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்து, அயோடின் கலந்த சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் படம் எடுப்பார்கள். சாயம் போகும்போது கால் முழுவதும் வெதுவெதுப்பு ஓடும். சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு இந்தச் சாயம் தீங்கு செய்யக்கூடும் என்பதால், காலில் மட்டும் கரியமில வாயுவைச் செலுத்திப் படம் எடுக்கும் வழியும் உண்டு. அது ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும்.

முழு வேலையும் கம்பி அடைப்பைத் தாண்டுவதில்தான் இருக்கிறது. அது தாண்டிவிட்டால் மற்றவை ஏறத்தாழ இயந்திரகதிதான். முழுதாக மூடிய தமனியின் தலைப்பகுதி கல்லாக இறுகியிருக்கும். கம்பி அதில் முட்டி வளையும். 1980களின் இறுதியில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், அமன் போலியா என்ற மருத்துவரின் கம்பி தவறிப்போய்ச் சுவரின் அடுக்குகளுக்கு இடையே புகுந்துகொண்டது. அடைப்பின் பக்கவாட்டில் புது வழி போட்டு, அடைப்பு முடிந்த இடத்தில் மீண்டும் உண்மையான குழாய்க்குள் அது வந்துவிட்டது. தவறு ஒரு முறையாகிவிட்டது. இன்று நீண்ட அடைப்புகளில் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். மேலிருந்து போக முடியாதபோது கணுக்காலிலோ புறங்காலிலோ உள்ள மெல்லிய தமனியைக் குத்தி, கீழிருந்து மேலே ஏறுவதும் உண்டு.

கம்பி தாண்டியதும் அதன் மேல் பலூன் ஏறும். தொடைத் தமனிக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டம், முழங்காலுக்குக் கீழே இரண்டு முதல் மூன்றரை மில்லிமீட்டர். நீளம் இரண்டு சென்டிமீட்டரிலிருந்து முப்பது வரை. நிரப்புவது காற்றால் அல்ல, நீர்த்த சாயத்தால். எக்ஸ்ரேயில் தெரியவும் வேண்டும்; வெடித்தாலும் ரத்தத்தில் காற்று கலக்கவும் கூடாது. இரண்டு மூன்று நிமிடங்கள் விரித்தே வைப்பார்கள். அவசரமாகச் சுருக்கினால் கிழிந்த உள் அடுக்கு மடிந்து தொங்க வாய்ப்பு அதிகம். இந்த நேரத்தில் நோயாளி விழித்திருப்பதில் ஒரு நன்மை உண்டு: மிதமான வலி சுவர் இழுபடுவதைச் சொல்கிறது, கூர்மையான கடும் வலி தமனி கிழிந்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை.

சிக்கல்களில் அடிக்கடி வருவது ஊசி குத்திய இடத்தில்தான்: ரத்தக்கட்டு, சில வேளைகளில் தமனிக்கு வெளியே ரத்தம் கசிந்து தேங்கும் ஒரு வீக்கப் பை. அதனால்தான் பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்கச் சொல்கிறார்கள். உடைந்த துணுக்குகள் கீழே போய்ச் சிறு தமனியை அடைப்பதும், தமனி துளைபடுவதும் அரிதாக நடக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றை அதே மேசையில் சமாளித்துவிடலாம்.

கால் தமனி முழுவதும் ஒரே குணம் கொண்டதன்று. இடுப்புக்குள் ஓடும் தமனி அகலமானது, அசைவு குறைவு. பலூனும், திறந்த வழி மூடாமல் உள்ளே நிறுத்திவைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டும் அங்கே நெடுங்காலம் தாக்குப்பிடிக்கின்றன. தொடையிடுக்கில் உள்ள பகுதி கீல்போல மடிவது, பெரிய கிளை பிரியும் சந்திப்பும் அதுவே. அங்கே சிறு அறுவையால் படிவைச் சுரண்டி எடுப்பதையே இன்றும் பலர் விரும்புகிறார்கள். அதற்குக் கீழே தொடை நெடுகச் செல்லும் தமனிதான் எல்லோரையும் சோதிப்பது. ஒவ்வோர் அடியிலும் அது நீள்கிறது, சுருங்குகிறது, முறுக்கிக்கொள்கிறது, தசைகளுக்கிடையே நசுங்குகிறது. நினைவுத் திறன் கொண்ட நிட்டினால் உலோகத்தில் செய்த ஸ்டென்ட்டுகள் அழுத்தினாலும் மீண்டும் விரியக்கூடியவை. அப்படியிருந்தும் சில அங்கே உலோகக் களைப்பால் முறிந்திருக்கின்றன. முழங்காலுக்குப் பின்னால் மடியும் இடத்தில் ஸ்டென்ட் வைக்கப் பலர் தயங்குவதும் இதனால்தான்.

இப்போது காயத்துக்குத் திரும்புவோம். பலூனைச் சுருக்கிய சில நிமிடங்களிலேயே இழுபட்ட சுவர் ரப்பர்போலக் கொஞ்சம் பின்வாங்குகிறது. அடுத்த வாரங்களில் நடு அடுக்கின் தசைச் செல்கள், காயத்தை மூடவேண்டிய கடமையில், உள்ளே ஊர்ந்து வந்து பெருகுகின்றன. தோலில் வெட்டுப்பட்டால் தழும்பு தடிக்கிறதே, அதே வேலைதான். ஆனால் ஐந்து மில்லிமீட்டர் குழாய்க்குள் தடிக்கும் தழும்பு மறுபடியும் வழியை அடைக்கிறது. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தொடைத் தமனியில் பலருக்கும் குறுகல் திரும்புவது இதனால்தான். நோயாளி கொழுப்பு உண்டதால் உடனே மறுபடி அடைத்துவிட்டது என்று குற்றம் சுமத்துவதில் நியாயமில்லை. முதல் ஆண்டில் திரும்பி வருவது பெரும்பாலும் பழைய நோயல்ல, சிகிச்சையின் தழும்பு.

தழும்பை அடக்க மருந்து பூசிய பலூன்கள் வந்தன. பாக்லிடாக்செல் என்ற மருந்து முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. செல் பிரிவதைத் தடுக்கும் புற்றுநோய் மருந்து அது. பலூன் விரியும் அந்த ஓரிரு நிமிடங்களில் அது சுவருக்குள் இறங்கிவிடுகிறது. உலோகம் எதுவும் உள்ளே மிஞ்சுவதில்லை. தொடைத் தமனியில் மறுகுறுகலும் மறுசிகிச்சையும் இதனால் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. அமெரிக்கா 2014இல் அனுமதி கொடுத்தது. 2018 டிசம்பரில் ஓர் அதிர்ச்சி: பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டவர்கள், மருந்துக் கருவிகள் பயன்படுத்தப்பட்டவர்களில் சில ஆண்டுகள் கழித்து இறப்பு கூடுதலாக இருப்பதாக அறிவித்தார்கள். பயன்பாடு சரிந்தது. விடுபட்ட தகவல்களைத் தேடிச் சேர்த்து, நீண்டகாலம் கண்காணித்த பிறகு, 2023 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தக் கூடுதல் ஆபத்துக்குச் சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அதோடு கதை முடியவில்லை. 2025இல் வெளிவந்த ஸ்வீடன் நாட்டின் பெரிய ஆய்வில், ஆபத்தான நிலையிலிருந்த கால்களில் மருந்து பூசியவை சாதாரணக் கருவிகளைவிடக் காலிழப்பைக் குறைக்கவில்லை. படத்தில் குழாய் அகலமாகத் தெரிவதும் காலுக்கு நன்மை கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு செலவுசெய்து மருத்துவம் மறுபடி கற்றுக்கொண்டது.

ஆகவே யாருக்குப் பலூன்? நடந்தால் மட்டும் வலிப்பவர் ஒரு வகை. கால் பறிபோகும் நிலையில் இருப்பவர் இன்னொரு வகை. ஒரே கருவி, ஒரே மேசை என்பதால் இருவரையும் ஒன்றாகப் பார்ப்பது பெரிய தவறு என்பது என் எண்ணம்.

முதல் வகையினரில் மிகச் சிலருக்கே காலை இழக்கும் ஆபத்து இருக்கிறது. அவர்களுக்கு முதல் மருந்து நடைதான். வாரம் மூன்று முறை, முப்பது முதல் அறுபது நிமிடம், பன்னிரண்டு வாரம். வலி மிதமாக ஏறும்வரை நடந்து, நின்று, தணிந்ததும் மறுபடி நடக்க வேண்டும். வலிக்கிறது என்று நடையைக் குறைப்பது இயல்பு. இங்கே அதற்கு நேர்மாறு தேவைப்படுகிறது. 111 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. இடுப்புத் தமனி அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களைவிட, மேற்பார்வையில் நடைப்பயிற்சி செய்தவர்கள் ஆறு மாத முடிவில் ஓடுபொறியில் கூடுதல் நேரம் நடந்தார்கள். வாழ்க்கை எளிதாகியிருக்கிறது என்று அதிகம் சொன்னவர்கள் என்னவோ ஸ்டென்ட் வைத்தவர்கள்தான். இரண்டு முடிவும் உண்மை. நடைப்பயிற்சிக்கும் மருந்துக்கும் பிறகும் வேலையோ வாழ்க்கையோ முடங்கிக் கிடந்தால் பலூனைப் பற்றிப் பேசுவது நியாயம். படத்தில் எண்பது சதவீத அடைப்பு என்று பார்த்ததும் பேசத் தொடங்குவது நியாயமன்று.

இரண்டாம் வகையில் கணக்கே வேறு. ஓய்விலும் வலி, ஆறாத புண், அழுகல். இங்கே தாமதம்தான் எதிரி. இவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார், பெரும்பாலும் இதயத்தாலோ மூளையாலோ. அதே கொழுப்புப் படிவு அங்கும் இருக்கிறது. பலூனின் மிகப் பெரிய பயன் இங்குதான். ஒரு புண் ஆறக் கேட்கும் ரத்தம் மிக அதிகம். ஆறிய தோலைக் காப்பாற்றத் தேவைப்படுவது அதில் சிறு பங்கு. முழங்காலுக்குக் கீழே திறந்த தமனி சில மாதங்களில் மறுபடி குறுகலாம். அதற்குள் புண் மூடிவிட்டால் பலூன் தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் அந்தச் சில மாதங்களில் புண்ணைச் சுத்தப்படுத்துவது, கிருமித் தொற்றை அடக்குவது, பாதத்தில் எடை விழாமல் காப்பது எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும். தமனியைத் திறந்துவிட்டுப் புண்ணை மறந்தால் வாங்கிய அவகாசம் வீணாகிவிடும்.

பலூனா, அடைப்பைச் சுற்றி மாற்றுக் குழாய் தைக்கும் பைபாஸ் அறுவையா என்ற கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் அடுத்தடுத்து எதிரெதிர் விடை தந்தன. 2022இல் வெளியான, 1,830 பேரைக் கொண்ட பெஸ்ட் சிஎல்ஐ ஆய்வில், காலிலேயே நல்ல சிரை ஒன்று பைபாஸுக்குக் கிடைத்தவர்களிடம் அறுவை முந்தியது. காலில் பெரும் பாதிப்போ இறப்போ நேர்ந்தது அறுவையில் நூற்றுக்கு 43 பேருக்கு, பலூன், ஸ்டென்ட் போன்ற குழாய்வழிச் சிகிச்சையில் 57 பேருக்கு. 2023இல் வந்த பேசில் 2 ஆய்வு 345 பேரைக் கொண்டது. முழங்காலுக்குக் கீழே வழி திறக்க வேண்டியிருந்தவர்களைப் பற்றியது. அங்கே குழாய்வழிச் சிகிச்சை முந்தியது: பெரிய அளவில் கால் இழப்போ இறப்போ நேர்ந்தது அதில் நூற்றுக்கு 53 பேருக்கு, பைபாஸில் 63 பேருக்கு. முதல் ஆய்வில் இருந்தவர்கள் வேறு, இரண்டாவதில் இருந்தவர்கள் வேறு. முடிவாக எடுத்துக்கொண்ட அளவுகோலும் வேறு. ஓரளவு உடல்வலு, நல்ல சிரை, நீண்ட அடைப்பு என்றால் பைபாஸை முதலில் யோசிக்க வேண்டும். தளர்ந்த உடல், சிரை இல்லை என்றால் பலூன். இரண்டையும் செய்யத் தெரிந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் இடத்தில் காட்டுவது இதனால்தான் நல்லது. ஒன்று மட்டும் தெரிந்தவரிடம் போனால் அந்த ஒன்றுதான் கிடைக்கும்.

மருந்துகள் தனிக் கதை. ஆனால் விட்டுவிட முடியாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் புகையை நிறுத்துவது. கால் தமனிக்குப் புகையைப்போல எதிரி வேறில்லை. வழி திறந்த பிறகு ஆஸ்பிரினோடு உறைவைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ரிவராக்ஸபானைச் சிறு அளவு சேர்ப்பது காலுக்கும் இதயத்துக்கும் வரும் திடீர் அடைப்புகளைக் குறைப்பதாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. ரத்தக்கசிவு ஆபத்து கூடுவதால் எல்லோருக்கும் அது பொருந்தாது.

சிகிச்சைக்குப் பின் கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, மரத்து, விரல்களை அசைக்க முடியாமல் போனால் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அது திறந்த இடத்தில் ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். கையில் இருப்பது ஏறத்தாழ ஆறு மணி நேரம். மற்றபடி சில மாதங்களுக்கு ஒருமுறை பட்டையைக் கட்டி, டாப்ளரை வைத்து, அதே எண்ணைப் பார்ப்பார்கள். எண் இறங்கியிருக்கலாம். ஸ்கேனில் தழும்பின் குறுகலும் தெரியலாம். புண் மூடியிருந்து, இரவில் வலி இல்லாமல், தேவையான தூரம் நடக்கவும் முடிகிறதென்றால், பெரும்பாலான நேரங்களில் அந்தக் குறுகலைத் தொடாமல் விட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்புவதே சரியான முடிவு.